ஐந்துக்கு ஐந்து

குவாந்தான்
8 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

குமுதா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் சுகமா? மலையில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். அண்ணனுடைய பாத வெடிப்பு எப்படி இருக்கிறது? நான் கொடுத்துவிட்ட களிம்பைப் பூசுகிறாரா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகைவரை ஏறிப் போனால்தான் லைன் கிடைக்கும். அங்கே பேசினால் லயமே கூடி நின்று கேட்கும். அதோடு ஹாஸ்டலில் படித்த நாளிலிருந்து உங்கள் எழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்ட கை அல்லவா அது.

விஷயம் இதுதான். மாநில அலுவலகத்தில் என்னை ஒரு புதிய பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்ட மன்றமும் வருடத் தொடக்கத்தில் இன்னின்ன வேலைகளை முடிப்போம் என்று இலக்கு வைக்கும். வருடம் முடிந்ததும், சொன்னதைச் செய்தார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. இந்த முறை நம் மலைப்பகுதி மன்றம் என் பங்குக்கு வந்திருக்கிறது. பிறந்த ஊர் என்பதால் நான் நேரில் வரக் கூடாது. பிப்ரவரியில் இரண்டு கணக்கெடுப்பாளர்கள் நம் லயத்துக்கு வருவார்கள். தெருவிளக்கு, சாலை, சாக்கடை லொங்காங் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள்.

சந்தியில், காய்கறி லாரிகள் நிற்கும் இடத்தில், நம் லயத்தை ஒட்டி ஓடும் அந்த லொங்காங் ஞாபகம் இருக்கிறதா என்று உங்களைக் கேட்பதே அநியாயம். தினமும் அதைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறீர்கள். அதைச் சிமெண்டில் கட்டி மூடி போட்டுத் தருவதாக மன்றம் போன வருட இலக்கிலேயே எழுதியிருக்கிறது. இதுவரை தொட்டே பார்க்கவில்லை. ஆகவே கேட்பவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அது போதும்.

நான் இன்னும் தற்காலிகம்தான். இந்த மதிப்பீடு முடிந்த பிறகு என்னை நிரந்தரம் செய்வது பற்றிப் பேசுவார்கள். சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
குமுதா


மேல் டிவிஷன் லயம், ரிங்லெட்
18 பிப்ரவரி 2024

அதிகாரி அம்மாவின் சமூகத்துக்கு,

உன் அண்ணி பவளம் வணக்கத்தோடு எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அண்ணன் களிம்பைப் பூசுகிறார். பாதத்தில் அல்ல, கதவுக் கீலில். கிரீச் என்று கத்தாமல் நன்றாகத் திறக்கிறது.

உன் ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள். துளசி என்று ஒரு பெண், தங்கமான பெண், நம் வீட்டில்தான் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாள். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. எல்லாவற்றையும் நான் முடித்து வைத்துவிட்டேன்.

தலைமை ஆபீசிலிருந்து பெரிய துரை பார்வையிட வந்தால் நாம் என்ன செய்வோம்? வாசல் கூட்டுவோம், லொங்காங்கை வாருவோம், ஓரமெல்லாம் சுண்ணாம்புத் தூள் போடுவோம். கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்போம். குறை சொன்னால் பெரிய துரைக்கு ஒன்றும் ஆகாது, அவரைக் கூட்டிவந்த தோட்ட ஆபீஸ் கிராணிதான் தலை குனிந்து நிற்பார். இது உனக்கும் தெரிந்ததுதானே. நீ அனுப்பிய ஆட்கள் வருகிறார்கள், நாங்கள் குறை சொல்லி உன்னைத் தலை குனிய விடுவோமா? நீ பெருந்தன்மையாக உள்ளதைச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டாய். நீ அப்படித்தான் எழுதுவாய், உன் அண்ணன் ரத்தம். எங்களுக்குப் புத்தி வேண்டாமா?

முந்தின நாள் வீடு வீடாகப் போனேன். நம் வீட்டுப் பெண்ணுடைய வேலை, கேட்டால் எல்லாவற்றுக்கும் ஐந்து சொல்லுங்கள் என்றேன். கடைசி வீட்டு ரெங்கசாமி மாமா மட்டும் முரண்டு பிடித்தார். லொங்காங் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை, இதற்கு எப்படி ஐந்து சொல்வது என்றார். குமுதா சின்னப் பிள்ளையாக உங்கள் வீட்டுத் தட்டில் சாப்பிட்டதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அடங்கிவிட்டார். வங்காளதேசத்து ஆட்களுக்கும் மலாயில் சொல்லி வைத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே ஐந்து விரலையும் காட்டினார்கள்.

உன் அண்ணன் லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு இறங்கினார். அழுகின கோஸ் இலை, தக்காளி, செத்த எலி என்று அத்தனையும் வாரி மேட்டில் புதைத்தார். ரெங்கசாமி மாமா, வேண்டாம், அவர்கள் பார்க்கட்டும் என்று சொன்னதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "தங்கச்சி வேல இது, மாமா. நம்ம பக்கம் நாறுனா அது மூஞ்சில இல்ல அடிக்கும்." பிறகு இரண்டு கரையிலும் சுண்ணாம்பு போட்டோம். துளசி அதைப் படம் எடுத்துக்கொண்டாள். பளிச்சென்று இருந்தது.

நிரந்தரம் ஆனதும் முதல் கடிதம் எனக்குத்தான் வர வேண்டும்.

உன் அண்ணி,
பவளம்


குவாந்தான்
29 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலம்தானே? உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய நாள் யோசித்தேன்.

மதிப்பீடு முடிந்துவிட்டது. மலைப்பகுதி மன்றத்துக்கு முதல் நிலை கிடைத்திருக்கிறது. நான் தொகுத்த அறிக்கை தெளிவாக இருந்தது என்று இயக்குநர் கூட்டத்தில் சொன்னார். ஏப்ரல் முதல் என்னை நிரந்தரம் செய்கிறார்கள். முதல் கடிதம் உங்களுக்குத்தான்.

லொங்காங் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அண்ணி. அவர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் லயத்தில் சொல்லி வைத்ததையும், அண்ணன் லொங்காங்கை வாரியதையும் வெளியாட்களிடம் பேச வேண்டாம். துளசி மறுபடி வந்தாலும் பேச வேண்டாம். தவறாக நினைக்காதீர்கள்.

அண்ணனுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி அனுப்பலாம் என்று இருக்கிறேன். பழையது வெடித்திருக்கிறது என்று பொங்கலுக்கே சொன்னீர்கள்.

அன்புடன்,
குமுதா


மேல் டிவிஷன் லயம், ரிங்லெட்
12 மே 2024

அன்பு குமுதாவுக்கு,

அண்ணி எழுதுவது. இருவரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ நிரந்தரம் ஆன செய்தி வந்த வெள்ளிக்கிழமை கோவிலில் பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தேன். உன் அண்ணன் வாய் ஓயவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்கிற நேப்பாளிகளுக்குக்கூட நீ யார் என்று இப்போது தெரியும். நீ சொன்னபடி மற்றதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கக் கூடாது என்றுதான் புரியவில்லை. வேலை விஷயம், உனக்குத் தெரியும்.

இப்போது ஒரு சங்கதி. போன வாரம் சிமெண்டுக் கால்வாய்த் துண்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. நம் சந்திக்குத்தான் என்று ரெங்கசாமி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை காட்டினார். நிற்காமல் மேலே திரிங்காப்புக்குப் போய்விட்டது. உன் அண்ணன் மன்றத்து ஆபீசுக்குப் போய் விசாரித்தார். அங்கே இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் இடத்தில் வேலை முடிந்ததாக இருக்கிறது, மக்களே ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள் என்றாளாம். படத்தையும் திருப்பிக் காட்டினாளாம். வெள்ளைக் கரை, சுத்தமான தண்ணீர், ஓரத்தில் உன் அண்ணனுடைய மண்வெட்டி. மனுஷன் கோபப்படுவார் என்று பார்த்தால், தன் மண்வெட்டி கணினிக்குள் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லொங்காங் மறுபடி நிரம்பிவிட்டது. எலிகள் பகலிலேயே ஓடுகின்றன. நேற்று ஒன்று சாமி மாடத்தில் உட்கார்ந்து திரியைத் தின்றுகொண்டிருந்தது. நீ அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

உன் அண்ணி,
பவளம்


குவாந்தான்
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் இருவருடைய நலத்துக்கும் வேண்டுகிறேன்.

லொங்காங் விஷயத்தைக் கேட்டிருந்தீர்கள். எந்த இடத்தில் மதிப்பெண் குறைவோ அந்த இடத்துக்குத்தான் முதலில் வேலை ஒதுக்குவார்கள். திரிங்காப்பில் குறைவாக இருந்தது. இது ஒரு நடைமுறை. அடுத்த வருடம் நம் சந்தியைச் சேர்க்க முயற்சி செய்யலாம். இடையில் லயத்துக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினால், அதை அவர்கள் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

நான் ஒரு வார்த்தை சொல்வது நீங்கள் நினைப்பதுபோல் எளிது இல்லை.

பூட்ஸ் வந்து சேர்ந்ததா? ஆடித் திருவிழாவுக்கு வர முடியாது போலிருக்கிறது. அரையாண்டுக் கணக்குகள் மேசையில் மலையாகக் கிடக்கின்றன. அண்ணனிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
குமுதா


மேல் டிவிஷன் லயம், ரிங்லெட்
25 ஆகஸ்ட் 2024

அன்பு குமுதாவுக்கு,

அண்ணி எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? கடிதம் வரவர இளைத்துக்கொண்டே போகிறதே, நீயும் அப்படித்தான் இருக்கிறாயோ என்று கவலையாக இருக்கிறது.

பூட்ஸ் வந்தது. உன் அண்ணன் போட்டுப் பார்த்தார், விரல் மடங்குகிறது. தங்கையிடம் சொல்லாதே, வருத்தப்படும் என்றார். நான் சொல்லிவிட்டேன். அவர் காலளவு உனக்கு மறந்துபோனதில்தான் எனக்கு வருத்தம். பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர் பழையதையே போட்டுக்கொண்டு போகிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லொங்காங்கில் இறங்கி வாருகிறார். வாராவிட்டால் தண்ணீர் சமையலறைக்குள் வந்துவிடும். வெடிப்புக் காலை அந்தச் சாக்கடையில் வைக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை.

மனு விஷயம். நீ எழுதியபடி எல்லோரையும் கோவிலில் கூட்டினேன். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பயந்துகொண்டு அல்ல. போன மாசியில் ஐந்து சொல்லிவிட்டு இப்போது குறை எழுதினால், நம் பெண் எழுதின அறிக்கை பொய் என்று ஆகிவிடாதா என்று கேட்டார்கள். உன் அண்ணனே முதல் ஆளாக வேண்டாம் என்றார். ரெங்கசாமி மாமாதான் கடைசியில் என்னிடம் தனியாக வந்து கேட்டார்: "அதான் வேல நிரந்தரம் ஆயிருச்சே, இப்ப சொல்லலாமா பவளம்?"

அதை நீதான் சொல்ல வேண்டும். அதனால் உன்னைக் கேட்கிறேன். மனுப் போட்டால் உனக்குக் கெடுதல் வராது என்று ஒரே ஒரு வரி எழுது. அந்த வரியைக் காட்டினால் இந்த லயம் மொத்தமும் கையெழுத்துப் போடும். சீக்கிரம் எழுது, மழைக்காலம் வருகிறது.

உன் அண்ணி,
பவளம்


மேல் டிவிஷன் லயம், ரிங்லெட்
18 அக்டோபர் 2024

அன்பு குமுதாவுக்கு,

சுகமா? உன் பதில் வரவில்லை. கடிதம் தொலைந்துவிட்டதோ என்று, தபால் கொண்டுவருகிற கிராணியிடம் தினமும் கேட்டு அவர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் போகிறார்.

மழை பிடித்துக்கொண்டது. லொங்காங் பொங்கி லயத்துக்குள் வந்துவிட்டது. நாங்கள் அரிசியைக் கட்டில் மேல் வைத்திருக்கிறோம். உன் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று அடைப்பை எடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் இரண்டும் வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கண் சிவந்திருக்கிறது. டவுன் கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொன்னார்கள். இரண்டு நாள் பார்ப்போம் என்கிறார். நாளைக்கு நான் இழுத்துக்கொண்டாவது போகப் போகிறேன்.

தீபாவளிக்கு நீ வருகிறாய் என்று சொல்லியே அவரைக் கஞ்சி குடிக்க வைத்தேன். வந்துவிடு.

அந்த ஒரு வரியை எழுது, குமுதா.

உன் அண்ணி,
பவளம்


குவாந்தான்
22 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனுடைய கால் அளவு எட்டா ஒன்பதா என்று எனக்கே என்மேல் கோபம். இந்த முறை சரியான அளவில் வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு நானே கொண்டு வருகிறேன்.

ஆகஸ்டில் நீங்கள் கேட்டதற்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். மனுவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அண்ணி. டிசம்பரில் இந்த வருடக் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் மனு வந்தால், பிப்ரவரியில் அந்த லயம் கொடுத்த ஐந்தை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்கள். அது நமக்கு நல்லதல்ல. ஜனவரிக்குப் பிறகு எதுவானாலும் செய்யலாம். இன்னும் இரண்டு மாதம்தானே.

அண்ணனுக்கு என்ன பலகாரம் வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
குமுதா


மேல் டிவிஷன் லயம், ரிங்லெட்
1 டிசம்பர் 2024

குமுதாவுக்கு,

பவளம் எழுதுவது.

மனுவைத் தள்ளி வைக்கச் சொன்ன உன் கடிதம், அண்ணனுடைய காரியம் முடிந்து நீ பஸ் ஏறின மறுநாள் வந்தது. அண்ணனுடைய படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கிராணி கொண்டுவந்து கொடுத்தார். இங்கே இருந்த நாளெல்லாம் கிராணியின் மோட்டார் சத்தம் கேட்டால் நீ வாசலுக்கு ஓடினாய். எங்களுக்குச் சிரமம் கொடுக்காமல் நீயே எல்லாவற்றையும் வாங்கி வைக்கிறாய் என்று நினைத்து மனம் இளகினேன். இப்போது புரிகிறது.

எலிக்காய்ச்சல் என்று கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்றாய். சாக்கடைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து, கால் வெடிப்பு வழியாக ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும் கேட்டாய். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் கேட்கிறேன். நாங்கள் ஐந்து சொன்னதால்தானே அந்த லாரி நிற்காமல் போனது? நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதால்தானே? இரவும் பகலும் இதுதான் ஓடுகிறது. சமைக்கும்போதும் ஓடுகிறது, கொழுந்து எடுக்கும்போதும் ஓடுகிறது. என் வீட்டுக்காரரை நானே கொண்டுபோய்ச் சாக்கடையில் இறக்கினேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். மறைக்காமல் எழுது.

பவளம்


குவாந்தான்
6 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் எழுதிய கடிதம், காரியம் முடிந்து நான் திரும்பி வந்தபோது என் வீட்டுப் பெட்டியில் கிடந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில். மதிப்பெண்ணுக்கும் அந்த லாரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வருடம் நிதி போதவில்லை. குத்தகைக்காரர் மாறினார். திரிங்காப்பில் சாலை அகலம், லாரி போக வசதி, அதனால் அங்கே முதலில் ஆரம்பித்தார்கள். நில அளவை இலாகாவிலிருந்து வர வேண்டிய தாளும் தாமதம். இப்படிப் பல காரணங்கள். நீங்கள் எதையும் செய்யவில்லை, அண்ணி. யாரும் எதையும் செய்யவில்லை. இனிமேல் இதை நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

மன்றத்துத் தலைவரிடம் நானே பேசினேன். வருடம் முடிவதற்குள் லொங்காங்கைக் கட்டி முடிக்கச் சொன்னேன். முடித்துவிட்டதாக அறிக்கை வந்திருக்கிறது. நன்றாகக் கட்டியிருக்கிறார்களா?

என்னோடு குவாந்தானுக்கே வந்துவிடுங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

உங்கள் அன்பு,
குமுதா


மேல் டிவிஷன் லயம், ரிங்லெட்
23 பிப்ரவரி 2025

குமுதாவுக்கு,

நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். டிசம்பர் கடைசி வாரம் ஒரு கூட்டம் ஆள் வந்து, மழையிலும் விடாமல் சிமெண்டுத் துண்டுகளை இறக்கி, மேலே இரும்பு மூடியும் போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. லாரிக்காரர்கள் இலையைக் கொட்ட முடியாது. எலி இல்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று மே மாதம் எழுதியிருந்தேன். போதுமாகத்தான் இருந்திருக்கிறது.

உன் பதிலைப் படித்தேன். எத்தனை காரணம் எழுதியிருக்கிறாய். மதிப்பெண் குறைந்த இடத்துக்குத்தான் முதலில் வேலை என்று ஜூலையில் எழுதினாய், அப்போது ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. எனக்கு மறக்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று பொய் எழுதினாய் என்றே வைத்துக்கொள்கிறேன். உனக்காக எழுதிக்கொண்டது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

இந்த வருடமும் கணக்கெடுக்க வந்தார்கள். அதே துளசிதான். வருகிறார்கள் என்று தெரிந்ததும் முந்தின நாள் சாயங்காலம் ரெங்கசாமி மாமா வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"இந்தத் தடவ எத்தன சொல்லணும், பவளம்?"

உள்ளதைச் சொல்லுங்கள் மாமா என்றேன். அவர் புது லொங்காங்கைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளது என்ன, குமுதா? ஐந்துதான்.

துளசி நம் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாள். போன தடவை சுண்ணாம்பு போட்டு அழகாக வைத்திருந்தீர்களே ஆண்ட்டி, அங்கிள் வேலைக்குப் போய்விட்டாரா என்று கேட்டாள். நீ யாரிடமும் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதனால் ஆமாம் என்றேன். லொங்காங்குக்கு எத்தனை என்றாள். ஐந்து என்றேன். லயம் மொத்தமும் ஐந்து சொன்னது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆக, உன் மேசைக்கு இந்த வருடமும் எங்கள் லயத்திலிருந்து ஐந்துக்கு ஐந்து வரும். போன வருடத்து ஐந்துக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதிக்கொள்வாய். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த மன்றம் சொன்னபடி செய்கிற மன்றம் என்று நினைப்பார்கள். நடுவில் ஒரு மனுஷன் வெடித்த பூட்ஸோடு அந்தத் தண்ணீரில் நின்றது எங்கேயும் தெரியாது. தங்கச்சி முகத்தில் நாற்றம் அடிக்கக் கூடாது என்று நின்றது தெரியாது.

நான் உனக்குத் தலை பின்னிவிட்டவள். உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது. நான் செய்தது பெரிய தப்பு. ஆனால் எனக்குத் தெரியாமல் செய்தேன். மாசியிலேயே நான் எழுதியதைப் படித்துவிட்டு நீ தெரிந்தே இருந்தாய். நம் இருவரில் யார் தப்பு அதிகம் என்று அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நிறுத்துப் பார்க்கிறேன், தராசு நிற்க மாட்டேன் என்கிறது.

ஒன்று செய். போன வருடத்து ஐந்தை எடுத்துவிடு. அது லயத்துக்காரர்கள் சொன்ன எண் அல்ல, என் அண்ணி சொல்லிக் கொடுத்தது, எனக்குத் தெரிந்தும் சேர்த்துக்கொண்டேன் என்று உன் இயக்குநரிடம் சொல். என் பெயரைப் போட்டே சொல். சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

நீ கொண்டுவந்த புது பூட்ஸ் சரியான அளவுதான். அவரோடு வைத்து அனுப்பவில்லை, வீட்டில்தான் இருக்கிறது.

சொல்லிவிட்டு எனக்கு எழுது. அதுவரை நான் கிராணியிடம் கடிதம் இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை.

பவளம்